5-5 கை வந்தவுடன் 2 ஸ்பேடு சொல்லிவிடலாமா?

பிரிட்ஜ் சீட்டாட்டம் பற்றிக் குமுளியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வலப்பக்கத்து எதிராளி 1 ஸ்பேடு என்று ஏலத்தைத் தொடங்கினார். நண்பரின் கையில் ஸ்பேடில் ராஜாவும் ராணியும். ஹார்ட்டில் ஜாக், 7, 6, 4, 2. டைமண்டில் ராஜா மட்டும் ஒற்றையாக. கிளப்பில் ராணி, 8, 6, 5, 3. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற கணக்கில் மொத்தம் 11 பாயிண்ட். எதிராளியின் சூட்டையே (சீட்டு இனத்தையே) திரும்பச் சொல்லி, 5-5 கையை, அதாவது வேறு இரண்டு சூட்டில் ஐந்தைந்து சீட்டு இருப்பதைக் காட்டுகிற மைக்கேல்ஸ் முறையைப் புதிதாகக் கற்றிருந்ததால் 2 ஸ்பேடு என்று சொன்னார். பார்ட்னர் 3 ஹார்ட் சொன்னார்; ஏல எண்ணோடு ஆறைக் கூட்டி, ஹார்ட்டைத் துருப்பாக்கி ஒன்பது பிடி (ஆளுக்கொரு சீட்டாக ஆடும் சுற்று) எடுப்பதாகப் பொருள். டபுள் விழுந்தது, அதாவது முடியாது என்று எதிரணி சவால் விட்டது; மூன்று பிடி குறைந்தது. வல்னரபிள், அதாவது தோற்றால் தண்டனை கூடுகிற நிலை என்பதால் 800 போயிற்று. மற்ற மேஜைகளில் எதிரணி அதே சீட்டில் 110 மட்டுமே எடுத்திருக்கிறது. "விதியில் உள்ளபடிதானே சொன்னேன், எங்கே தவறு?" என்று கேட்கிறார்.

2 ஸ்பேடு என்றால் என்ன பொருள் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவருக்கு வேண்டியது வேறு: பொருள் பொருந்துகிற கை வந்தபோதெல்லாம் அதைச் சொல்லத்தான் வேண்டுமா, சொல்லாமல் விடுவது எப்போது? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாயனசாலையில் (படிப்பகத்தில்) ஞாயிறுதோறும் புதியவர்களுக்கு நான் பிரிட்ஜ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் மேஜையில் பாதிப்பேர் தமிழ் பேசுவார்கள், பாதிப்பேர் மலையாளம் பேசுவார்கள். துருப்பு மட்டும் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். அங்கேயும் அடிக்கடி எழுகிற கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. எதிராளி ஒரு சூட்டைச் சொல்லித் தொடங்கியதும் அதே சூட்டை நாம் இரண்டாகத் திரும்பச் சொன்னால், அந்தச் சூட் நம்மிடம் இருக்கிறது என்று பொருள் கொள்வதில்லை. அவர் ஐந்தாறு சீட்டு வைத்திருக்கும் சூட்டில் நாம் ஆட விரும்புவது அபூர்வம். வீணாகக் கிடந்த அந்த ஏலத்துக்கு ஃப்ளோரிடாவின் மியாமி பீச் நகரில் ஆடிவந்த மைக் மைக்கேல்ஸ் வேறு வேலை கொடுத்தார். 1 கிளப்புக்கு மேல் 2 கிளப், அல்லது 1 டைமண்டுக்கு மேல் 2 டைமண்ட் என்றால் ஹார்ட்டும் ஸ்பேடும் ஐந்தைந்து. 1 ஹார்ட்டுக்கு மேல் 2 ஹார்ட் என்றால் ஸ்பேடும், கிளப் டைமண்ட் இரண்டில் ஏதோ ஒன்றும். 1 ஸ்பேடுக்கு மேல் 2 ஸ்பேடு என்றால் ஹார்ட்டும், அதேபோல் ஏதோ ஒரு சிறிய சூட்டும் (கிளப் அல்லது டைமண்ட்). இதற்குத் துணையாக நிற்பது 2 நோ டிரம்ப் (துருப்பில்லாத ஆட்டம் என்ற ஏலம்). அமெரிக்க ஆட்டக்காரர் ஆல் ராத் 1948இல் கொண்டுவந்தது அது. எதிராளி ஹார்ட் அல்லது ஸ்பேடு சொல்லியிருந்தால் கிளப்பும் டைமண்டும். அவர் சொன்னது சிறிய சூட் என்றால், மீதி மூன்றில் கீழே உள்ள இரண்டு (கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேடு என்பது ஏறுவரிசை).

இருபத்தெட்டும் ஐம்பத்தாறும் ஆடி வளர்ந்த நம் எல்லைப்புறத்து ஆட்களுக்கு இந்த யோசனை எளிதில் பிடிபடும். ஐம்பத்தாறில் ஏலம் கேட்கும் விதத்திலேயே கூட்டாளிக்குச் சேதி போகும். ஆனால் அங்கே ஜாக்குக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு என்று பாயிண்ட் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜில் பாயிண்ட் என்பது வெறும் மதிப்பீடு. ஆட்டம் முடிந்ததும் எண்ணப்படுவது பிடி. நண்பரின் 800 இந்த இடத்தில்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவருடைய 11 பாயிண்டைப் பிரித்துப் பாருங்கள். ஸ்பேடு ராஜா ராணிக்கு ஐந்து, டைமண்ட் ராஜாவுக்கு மூன்று. அதாவது எட்டு பாயிண்ட், நீளமில்லாத இரண்டு சூட்டில் போய்க் கிடக்கிறது. பத்துச் சீட்டு இருக்கிற ஹார்ட்டுக்கும் கிளப்புக்கும் மூன்றே மூன்று. ஸ்பேடு ராஜாவும் ராணியும் சேர்ந்து ஏஸுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு பிடி எடுக்கும், அவ்வளவுதான். ஒற்றை டைமண்ட் ராஜா, ஏஸ் வந்ததும் அதன் கீழே விழுந்துவிடும். ஹார்ட்டில் பார்ட்னரிடம் மூன்று சின்னச் சீட்டு இருந்து, எதிராளிகளிடம் மீதி ஐந்தும் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால்கூட ஏஸ், ராஜா, ராணி என்று துருப்பிலேயே மூன்று பிடி போகும். கிளப்பில் இன்னும் இரண்டு மூன்று. ஒன்பது பிடி எங்கிருந்து வரும்?

இப்போது இன்னொரு கை. ஸ்பேடு 5 ஒற்றை. ஹார்ட் ராஜா, ராணி, ஜாக், 9, 4. டைமண்ட் 6, 3. கிளப் ராஜா, ஜாக், 10, 8, 2. பத்தே பாயிண்ட்தான், நண்பரின் கையைவிட ஒன்று குறைவு. இதே மூன்று சின்ன ஹார்ட் பார்ட்னரிடம் இருந்து, இதே மாதிரி சீட்டுப் பிரிந்தால் துருப்பில் ஏஸ் மட்டும் போகும், நான்கு பிடி நமக்கு. கிளப்பில் 10, 8 என்று நடுச்சீட்டுகள் நிற்பதால் பார்ட்னரிடம் ராணியோ ஏஸோ இருந்தால் அந்தச் சூட் முழுவதும் எழுந்து வரும். இந்தக் கையில் நான் யோசிக்காமல் 2 ஸ்பேடு சொல்வேன். நண்பரின் கையில் பாஸ் சொல்வேன், அதிலும் வல்னரபிள் நிலையில் இரண்டாவது யோசனையே கிடையாது. எங்கள் வாயனசாலையில் நான் சொல்லிக்கொடுக்கிற அளவு இது: கையிலுள்ள பாயிண்டில் மூன்றில் இரண்டு பங்காவது அந்த இரண்டு நீளச் சூட்டுக்குள் இருக்க வேண்டும். இது நான் ஆடிப் பார்த்து வைத்துக்கொண்ட அளவு. இதைவிடத் துணிச்சலாக ஆடி ஜெயிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நண்பர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஏலத்தின் உயரம். 1 கிளப்புக்கு மேல் 2 கிளப் சொன்னால் பார்ட்னர் 2 ஹார்ட்டிலோ 2 ஸ்பேடிலோ நின்றுவிடலாம், எட்டுப் பிடி போதும். 1 ஹார்ட்டுக்கு மேல் 2 ஹார்ட் சொன்னாலும் 2 ஸ்பேடில் நிற்க வழி உண்டு. 1 ஸ்பேடுக்கு மேல் 2 ஸ்பேடு சொன்னால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பார்ட்னர் எதைச் சொன்னாலும் மூன்றாம் படி, ஒன்பது பிடி. அவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். நான்கில் மிகவும் கடினமானதும் விலை அதிகமானதும் இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்துப் பழகுகிறவர்கள் இந்த ஒன்றில்தான் அதிகம் இழக்கிறார்கள்.

வல்னரபிள் கணக்கையும் கையோடு சொல்லிவிடுகிறேன். 1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் ஆட்டத்தின் மதிப்பெண் முறையைத் திருத்தியபோது ஆட்டத்துக்குள் வந்தது இது. வல்னரபிள் இல்லாதபோது டபுளில் ஒன்று குறைந்தால் 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 500. வல்னரபிள் என்றால் 200, 500, 800. எதிரணி வல்னரபிளாக 4 ஸ்பேடு எடுத்தால் அவர்களுக்கு 620. அப்போது நாம் வல்னரபிள் இல்லாமல் மூன்று குறைந்து 500 கொடுத்தாலும் நமக்கு லாபம். நிலை தலைகீழானால் அவர்களுக்கு 420தான். நாம் இரண்டு குறைந்தாலே 500 கொடுத்துவிடுகிறோம். ஆக ஒரு பக்கம் மூன்று பிடி குறையத் தாங்கும், மறுபக்கம் ஒன்றுக்கு மேல் தாங்காது. சீட்டை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே யார் வல்னரபிள் என்று பார்த்துவிடுகிற பழக்கம் வர வேண்டும். என் மாணவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்துவது அதைத்தான்.

ஐந்தும் ஐந்தும் இருந்தே தீர வேண்டுமா, ஐந்தும் நாலும் போதாதா என்ற கேள்வி இதோடு சேர்ந்தே வரும். 5-5-2-1, 5-5-3-0 என்ற இரண்டு அமைப்பும் சேர்ந்து நூறு கைக்கு நான்கு முறைதான் வரும். மாலை முழுவதும் 24 ஆட்டம் ஆடினால் உங்களுக்கு ஏறக்குறைய ஒரு முறை. ஐந்தும் நாலும் உள்ள கையோ நான்கில் ஒன்று, ஆறு மடங்கு அதிகம். புதிதாக ஒரு முறையைக் கற்றவர் அதைப் பயன்படுத்தத் துடிப்பார். 5-5 வரும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. ஆனால் ஐந்தைந்து என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பத்துச் சீட்டு போக அந்த இரண்டு சூட்டில் மீதி 16 சீட்டு, மூன்று கையில். பார்ட்னருக்குச் சராசரியாக ஐந்துக்குச் சற்று மேல் வரும். அந்த இரண்டு சூட்டில் அவரிடம் ஐந்து சீட்டு இருந்தால், எப்படிப் பிரித்தாலும் ஒன்றில் மூன்றாவது இருந்தே ஆக வேண்டும். ஐந்தும் மூன்றும் எட்டு, துருப்பு போதும். உங்களிடம் ஒரு சூட்டில் நாலுதான் என்றால், அவர் மூன்றை வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஏழாகிவிடுகிறது. உங்களிடம் ஐந்து என்று அவர் உங்களை நம்பித் தேர்ந்தெடுத்திருப்பார். அந்த நம்பிக்கையை ஒரு முறை உடைத்துவிட்டால் அடுத்த பத்து வாரத்துக்கு அவர் ஒரு சீட்டுக் குறைத்தே கணக்கிடுவார்.

சொல்லாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எனக்கு நன்றாக உறைத்தது ஓர் ஆடி மாதத்து மாலையில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமல்லவா, ஜன்னலைச் சாத்திவிட்டு, பாயிண்ட் எழுதும் தாள் பறக்காமலிருக்க அதன் மேல் பூட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். வலப்பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு மாஷ் (ஆசிரியர்). அவர் 1 ஸ்பேடு சொன்னார். என்னிடம் கிளப்பும் டைமண்டும் ஐந்தைந்து, ஆனால் வறண்ட கை, ஏழு பாயிண்ட். நான் 2 நோ டிரம்ப் சொன்னேன். அவர் பார்ட்னர் அதற்கெல்லாம் அசராமல் 4 ஸ்பேடுக்குப் போய்விட்டார். ஆட்டம் ஹார்ட் ராணி யாரிடம் என்பதில் வந்து நின்றது. அவர் பார்ட்னர் மேஜையில் விரித்த கையில் ஹார்ட் ராஜா, 10, 5, 2. மாஷ் கையில் ஏஸ், ஜாக், 7. ராணி என் பக்கம் என்றும் ஆடலாம், மறுபக்கம் என்றும் ஆடலாம். தெரியாதவருக்குப் பாதிக்குப் பாதி.

மாஷ் இரண்டு முறை துருப்பை இறக்கினார். இரண்டு முறையும் நான் ஸ்பேடு போட்டேன். அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "உங்களிடம் கிளப் ஐந்து, டைமண்ட் ஐந்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஸ்பேடு இரண்டு பார்த்துவிட்டேன். பன்னிரண்டு. மீதி ஒன்றே ஒன்று," என்றார். அந்த ஒன்று ராணியாக இருந்துவிடக் கூடாதே என்று முதலில் ஹார்ட் ராஜாவை ஆடினார், என் ஒற்றை ஹார்ட் 4 விழுந்தது. பிறகு 2ஐ ஆடி, என் பார்ட்னர் சின்னதைப் போட்டதும் ஜாக்கை வைத்தார். ராணி அகப்பட்டது. நான் பேசாமல் பாஸ் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் கணக்கு கிடைத்திருக்காது. நாம் ஏலத்தில் பார்ட்னருக்குச் சொல்வதெல்லாம் எதிராளிக்கும் சொல்வதுதான்; கேட்டால் பொருளையும் மறைக்காமல் விளக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். ஆகவே, ஏலத்தை நாம் பிடிக்க ஓரளவாவது வாய்ப்பு இருக்கிறதா, அல்லது எதிரணியின் இடத்தை அடைத்து அவர்களைத் தடுமாற வைக்கவாவது முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நம் கையின் வரைபடத்தை நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

இனி, ஒரே விடை இல்லாத பகுதி. பலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நல்ல ஆட்டக்காரர்களே இரண்டு கட்சி. ஒரு கட்சி, கை மெலிந்ததாக இருக்க வேண்டும் அல்லது மிகப் பலமாக இருக்க வேண்டும், நடுத்தரக் கையில் சொல்லக் கூடாது என்கிறது. பத்துக்குள் இருந்தால் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவது, 16க்கு மேல் இருந்தால் சொல்லிவிட்டு மறுபடியும் ஏறுவது. நடுவிலிருக்கும் 11 முதல் 15 வரையிலான கையில் இரண்டில் உயர்ந்த சூட்டைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வாய்ப்பு வந்தால் அடுத்ததையும் சொல்வது. மற்றக் கட்சி, வாய்ப்பு வராமலே போகலாம், ஆகவே எந்தப் பலமானாலும் ஐந்தைந்து என்றால் உடனே சொல் என்கிறது. நான் பழகியது முதல் வழி. பார்ட்னர் என் பலத்தை ஊகிக்கத் திணறுவதில்லை என்பதால் அதிலேயே நிற்கிறேன். அந்த வழியில் நண்பரின் 11 பாயிண்ட் எண்ணிக்கையில் நடுத்தரத்துக்குள் வருகிறது, தரத்தில் அதற்கும் கீழே. 2 ஹார்ட் என்று சாதாரணமாகச் சொல்வதற்கும் அந்த ஜாக், 7, 6, 4, 2 லாயக்கில்லை. எந்த வழியானாலும் பார்ட்னர்கள் இருவரும் ஒரே வழியில் இருப்பதுதான் முக்கியம்.

பார்ட்னர் 3 ஹார்ட் சொன்னது சரியா என்று நண்பர் ஓரிடத்தில் கேட்டிருக்கிறார். அவர் கையை நான் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்த வழிகளை மட்டும் சொல்கிறேன். ஹார்ட்டில் மூன்று இருந்தால் 3 ஹார்ட் சொல்வதில் குறை காண முடியாது. ஹார்ட்டில் ஒன்றோ இரண்டோதான், கிளப்பும் டைமண்டும் நன்றாக இருக்கிறது என்றால் 2 நோ டிரம்ப் சொல்லி, "உன் சிறிய சூட் எது?" என்று கேட்கலாம். பல ஜோடிகள் இந்தக் கேள்விக்கு நல்ல கையை மட்டும் வைத்துக்கொண்டு, மெலிந்த கைக்கு 3 கிளப் சொல்கிறார்கள்: கிளப் என்றால் அங்கேயே நில், டைமண்ட் என்றால் 3 டைமண்டுக்கு மாற்று என்று பொருள். இதை முன்கூட்டிப் பேசி வைத்திருக்க வேண்டும். இடையில் எதிராளி டபுள் சொன்னால் அப்போது பாஸ் என்பதற்கு என்ன பொருள் என்பதையும் பேச வேண்டும். ஏலத்தில் முதல் சொல்லை மட்டும் கற்று, பதிலைக் கற்காமல் மேஜைக்கு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மனசு வலிக்கிறது, ஏனென்றால் நட்டம் முழுவதும் பதிலில்தான் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எதிராளி 1 ஸ்பேடு சொல்லி, அடுத்த இருவரும் பாஸ் சொல்லி, கடைசி ஆளாக நீங்கள் 2 நோ டிரம்ப் சொன்னால் அதற்கு இரண்டு சூட் என்ற பொருள் கிடையாது. எல்லாச் சூட்டும் பரவலாக உள்ள பலமான கை என்றுதான் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எதிரணியை அடைக்க வேண்டிய தேவையே இல்லை, அவர்கள்தான் நின்றுவிட்டார்களே. இந்த ஒரு வேற்றுமையை மறந்து விழுந்த ஜோடிகள் பல.

மைக்கேல்ஸும் 2 நோ டிரம்பும் எல்லாச் சேர்க்கையையும் காட்டுவதில்லை என்பது உண்மை. 1 டைமண்டுக்கு மேல் ஸ்பேடும் கிளப்பும் வைத்திருப்பவருக்கு அவற்றில் இடமில்லை. 1 ஸ்பேடு சொல்லிவிட்டுப் பிறகு கிளப்பைச் சொல்ல வேண்டியதுதான். இந்தக் குறையை நிரப்பப் பிரான்சைச் சேர்ந்த பியர் கெஸ்டெம் ஒரு முறை வகுத்தார். டிராஃப்ட்ஸ் என்ற பலகை ஆட்டத்திலும் உலக சாம்பியனாக இருந்தவர் அவர். 2 நோ டிரம்ப், 3 கிளப், எதிராளியின் சூட் என்ற மூன்றையும் பங்கிட்டு, எந்த இரண்டு சூட் என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது அது. அழகான அமைப்பு. ஆனால் 3 கிளப் என்றால் கிளப் என்று நாக்கு பழகியிருக்கும். ஒருவர் மறந்தாலும் ஆட்டம் கவிழ்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஆடுகிற ஜோடிக்கு நான் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எதிராளி 1 நோ டிரம்ப் சொல்லும்போது 2 கிளப் சொல்லி ஹார்ட்டையும் ஸ்பேடையும் காட்டுகிற லாண்டி முறை இருக்கிறது, ஆல்வின் லாண்டி பெயரில். அது எளிது, மறக்காது, அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பருக்கு ஒரு பயிற்சி. பார்ட்னரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக் கட்டை எடுத்து, நான் மேலே சொன்ன பத்துப் பாயிண்ட் கையைப் பொறுக்கித் தனியே வையுங்கள். மீதி 39 சீட்டைக் கலைத்து மூன்று பேருக்குப் பதின்மூன்றாகப் போடுங்கள். வலப்பக்கத்துக் கையில் 1 ஸ்பேடு தொடங்குமளவு பலமும் ஐந்து ஸ்பேடும் இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். இருந்தால், எதிரே உள்ள கையை மட்டும் பார்ட்னர் எடுத்து, 2 ஸ்பேடுக்குப் பதில் என்ன சொல்வார் என்று சொல்லட்டும். பிறகு நான்கு கையையும் விரித்து ஆடிப் பார்த்து, எத்தனை பிடி வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருபது முறை ஆனதும் உங்கள் 11 பாயிண்ட் கையைப் பொறுக்கி வைத்து, மறுபடியும் இருபது. இரண்டு மாலை பிடிக்கும். தாளை எனக்கு அனுப்புங்கள், பார்ட்னரின் ஒவ்வொரு பதிலையும் சேர்ந்து பார்க்கலாம்.